சரண்டருக்குப் போன கார்

ஜெயிலில் இருக்கிறவனை வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குக் கூட்டி வருவது இப்போது குறைந்துவிட்டதாம். அங்கே ஒரு கேமரா, இங்கே ஒரு டிவி. நீதிபதி டிவியைப் பார்த்துப் பெயரைக் கேட்கிறார், அவன் அங்கிருந்தே ஒரு கும்பிடு போடுகிறான், காவல் நீட்டிப்பு முடிந்தது. கோமதி வக்கீலம்மா இதை வருத்தமாகச் சொன்னார். நான் கார் ஓட்டிய எங்கள் வக்கீல் ஐயாவிடம் கடைசியாக ஜூனியராக இருந்தவர் அவர்.

"நல்லதுதானம்மா" என்றேன்.

"என்ன அண்ணாச்சி நல்லது? கைதி வக்கீல்கிட்ட ஒரு வார்த்த பேச முடியல. பொண்டாட்டி பிள்ளைகளத் தூரத்துல நின்னாவது பாப்பான், இப்ப அதுவும் இல்ல."

அது சட்டம் படித்தவர்கள் பார்க்கிற பக்கம். நான் பார்த்தது ரோட்டை. ஜெயில் வாசலுக்கும் கோர்ட்டு வாசலுக்கும் நடுவே எந்தச் சந்தில் பைக் திரும்ப இடம் இருக்கிறது, எந்த டீக்கடையில் டீ குடிக்காமலே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் வரும். எழுந்து உட்காருவேன். "காரையே வித்தாச்சு, இன்னும் என்னத்த ஓட்டுதீரு?" என்பாள் என் வீட்டுக்காரி.

இதை வக்கீலம்மாவிடம் சொன்னபோது, "அதச் சொல்லுங்க அண்ணாச்சி, நான் எழுதுதேன்" என்றார். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சிரமம், நீங்களே சரி பண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் சொன்னேன். இதில் வருகிற ராசையா என்ற பெயர் அவன் பெயர் இல்லை. அது இருக்கட்டும் அப்படியே.

நான் முதலில் ரைஸ்மில் லாரி ஓட்டினேன். முக்கூடல் ரோட்டில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே விழுந்ததில் என்மேல் கேஸ் ஆகி, ஐயாவிடம் போனேன். கேஸ் முடிந்த அன்றைக்கு, "லாரிக்கே திரும்பப் போறீரா, இல்ல என் வண்டிய ஓட்டுதீரா?" என்று கேட்டார். லாரிச் சாவியைத் தொடவே பயந்த நேரம் அது. ஐயா வண்டி சின்ன வண்டி, மெதுவாகப் போகிற வண்டி, பயம் இருக்காது என்று நினைத்துச் சேர்ந்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

ஐயா நிலபுலம் இருந்த சைவக் குடும்பம். வயலெல்லாம் அவர் அப்பா காலத்தோடு போய்விட்டது. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கற்கண்டு. கொலைக் கேஸ்தான் அதிகம் நடத்துவார். காரில் ஏறினால் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆற்றுப் பாலம் தாண்டும்போது மட்டும் கண்ணாடியை இறக்கித் தண்ணீரைப் பார்ப்பார். கோர்ட்டிலும் சத்தம் போட மாட்டார். மற்ற வக்கீல்மார் மேசையைத் தட்டி, சாட்சியை "நீ", "வா", "போ" என்பார்கள். ஐயா எவனையும் "சொல்லுங்க ஐயா" என்றுதான் ஆரம்பிப்பார். வயலைப் பற்றிக் கேட்பார், பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்பார். சாட்சி கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்து நின்று சொந்தக்காரனிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிடுவான். அதற்குப் பிறகு அவன் தப்பியதை நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். எனக்கே அந்த "ஐயா"வைக் கேட்டால் பயமாக இருக்கும்.

நடுவில் அவர் எம்.எல்.ஏ. ஆனார். முக்கூடல் பக்கம் ஒரு பெரிய செங்கல் சூளைக்காரர் இருந்தார். அந்தப் பக்கத்து ஊர்கள் பூராவும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. அவர்தான் ஐயாவைக் கட்சிக்கு இழுத்து, சீட்டு வாங்க வைத்து, தெருத்தெருவாய் முன்னால் நடந்து ஜெயிக்க வைத்தார். அந்த அஞ்சு வருசமும் என் பக்கத்து சீட்டில் ஒரு துப்பாக்கிப் போலீஸ் உட்கார்ந்திருந்தார். ராதாபுரத்துக்காரர், நிறைய வெற்றிலை போடுவார், துப்பாக்கியை விட வெற்றிலைப் பெட்டியைத்தான் பத்திரமாக வைத்திருப்பார். இருந்தாலும் அவர் இருந்தது எனக்குத் தைரியம். மெட்ராஸில் சட்டசபை நடக்கிற நாளெல்லாம் நான் எம்.எல்.ஏ. ஹாஸ்டல் மரத்தடியில் நிம்மதியாகத் தூங்கினேன். "அங்கயும் கேள்வி கேட்டாப் பதில் சொல்லுதாங்க வே, ஆனா கூண்டுல நின்னு சொல்லுத பதிலு இல்ல" என்று ஐயா ஒருநாள் சொன்னார். அவருக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. ஆனால் ஒரு வித்தை அங்கே பழகினார். ஒரு முகத்தைப் பார்த்தால் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் மூன்றும் சொல்லிவிடுவார். ஓட்டுக் கேட்கப் போகிறவனுக்கு அதுதான் மூலதனம் என்பார்.

அடுத்த தேர்தலில் தோற்றார். துப்பாக்கிப் போலீஸ் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஐயா காரில் ஏறியதும், பின்னால் வருகிற வண்டி தெரிகிற இடது பக்கக் கண்ணாடியை, தாம் பின் சீட்டில் இருந்து பார்க்கிற மாதிரித் திருப்பி வைக்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து வலது கண்ணாடி எனக்கு, இடது கண்ணாடி ஐயாவுக்கு.

அப்படி இருக்கும்போதுதான் சூளைக்காரரை வெட்டிவிட்டார்கள்.

சாயங்காலம், சூளைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், வண்டிப் பாதையில். யார் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரியவில்லை. முந்தின நாள் டீக்கடையில் வைத்து அவரை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் ராசையா. சூளையில் கல் அறுக்கிறவன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சூளைக்காரர் அவனுடைய அக்காவைப் பற்றி ஏதோ கேவலமாகச் சொன்னதற்கு இவன், "மரியாதையாப் பேசுங்க" என்றிருக்கிறான். அவ்வளவுதான். மறுநாள் ஆள் செத்ததும் ராசையா ஊரைவிட்டு ஓடிவிட்டான். ஓடியதால் அவன்தான் என்று ஆகிவிட்டது. போலீஸ் ஒரு பக்கம் தேடியது. சூளைக்காரரின் தம்பிமார் ஒரு பக்கம் தேடினார்கள். கோர்ட்டுப் படி ஏறுமுன்னே முடித்துவிடுவோம் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். போலீஸ் கையில் முதலில் கிடைத்தாலும் அவன் தம்பிமாருக்குக் கிடைத்த மாதிரித்தான் என்று ஊரில் பேச்சு.

அந்த அக்கா செல்லத்தாய் பீடி சுற்றுகிறவள். மாடிப்படியில் ஏறி வந்து ஐயா முன்னால் நின்றாள். அழவில்லை. "ஐயா, அவன வெளிய எடுத்துத் தாங்கன்னு நான் கேக்கல. உள்ள போட வச்சிருங்க. செயில்ல கெடந்தாலும் உசிரோட கெடக்கட்டும்" என்றாள்.

ஐயா கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து, பிரிக்காமல் மேசைமேல் வைத்தார். செத்துப்போனவர் அவரை எம்.எல்.ஏ. ஆக்கியவர். பாடை தூக்கும்போது ஐயாவும் தோள் கொடுத்திருக்கிறார். நான் கண்ணால் பார்த்தேன்.

"தம்பி எங்க இருக்கான்னு தெரியுமா?"

"சீவலப்பேரிப் பக்கம் அறுப்பு ஆளுகளோட நிக்கான்."

"சரி. நீ வீட்டுக்குப் போ. யாரு கேட்டாலும் ஐயா முடியாதுன்னுட்டாருன்னு சொல்லு."

ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே கட்சிக்காரர் ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஐயா, செத்தது நம்ம ஆளு" என்றார் ஒருவர்.

"ஆமா, நம்ம ஆளுதான். உசிரோட இருக்கவன் யாரு ஆளு வே?"

"அப்படிச் சொன்னா எப்படி? அடுத்த தடவை சீட்டுக்கு நாங்கதான..."

"சீட்டு எங்க வீட்டுலயே நாலு கெடக்கு. மொதல்ல உக்காந்து காபியக் குடியும்."

அவர்கள் குடிக்காமல் போனார்கள். ரெண்டு காபியையும் ஐயா என்னைக் குடிக்கச் சொன்னார்.

சரண்டர் என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். போலீஸ் தேடுகிற ஆள் தானாகவே மாஜிஸ்ட்ரேட் முன்னால் போய் நின்று, நான்தான் இன்னார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மாஜிஸ்ட்ரேட் அவனை ஜெயிலுக்கு அனுப்பி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அவன் கோர்ட்டின் பொறுப்பு. அவன் மேலே யார் கை வைத்தாலும் அந்த எழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எழுத்து விழுகிற வரைக்கும் அவன் யார் பொறுப்பும் இல்லை. கோர்ட்டு வாசல், வராந்தா, படி எல்லாம் வெறும் ரோடு மாதிரித்தான். அந்தக் காலத்தில் எந்த ஊர் கோர்ட்டிலும் சரணடையலாம். இப்போது அதற்கும் வரையறை வந்துவிட்டது என்கிறார் வக்கீலம்மா. ஐயா தெற்கே ஒரு சின்ன ஊர் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்தார். ஊர்ப் பெயர் வேண்டாம்.

காலையில் ஐயாவையும் ஜூனியர்மார் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு சீவலப்பேரி போனேன். அறுப்புக்கு வந்த ஆட்கள் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், தலையில் துண்டோடு, கையில் தூக்குச்சட்டியோடு அவனும் நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய், முழுப் பயம் வந்தது. அவ்வளவு சின்ன ஆள். இவனைக் கொல்ல இத்தனை பேர் எதற்கு என்று தோன்றியது. ஒரு ஆள் போதும்.

காரிலேயே மீசையை எடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, பேண்ட், கழுத்துப் பட்டை, கருப்புக் கோட்டு. ஜூனியர்மாரில் ஒருவருடையது. ஷூ மட்டும் ஏறவில்லை. சேறு மிதித்து விரிந்த கால். கடைசியில் மூத்த ஜூனியர் தம்முடைய பெரிய ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர் செருப்பு மாட்டிக்கொண்டார். ஐயாவுக்கு இந்தக் கோட்டு வேலை பிடிக்காது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நடுவுல நட. யாரையும் பாக்காத. தரையப் பாக்காத. முன்னால போறவங்க பெடதியப் பாத்துக்கிட்டே நட" என்று மட்டும் சொன்னார்.

கோர்ட்டுக்கு எதிரே புளிய மரத்தடியில் ரெண்டு பைக். ஒரு பைக்கின் முன்னால் மடித்த சாக்கு. சாக்கு மடித்திருந்த விதத்திலேயே உள்ளே என்ன என்று தெரிந்தது. நான் காரை நிறுத்தியதும் ஐயா, "நீரும் வாரும் வே, கட்டைத் தூக்கிக்கிட்டு" என்றார். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடந்தேன். முன்னால் ஐயா, பிறகு ஒரு ஜூனியர், பிறகு ராசையா, பிறகு மூத்த ஜூனியர், பிறகு நான். வாசலில் நின்ற போலீஸ்காரர் ஐயாவுக்கு சல்யூட் அடித்தார். பைக்கில் இருந்தவர்கள் கருப்புக் கோட்டுகளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் வேட்டி சட்டையில் ஒரு ஆள். வேட்டி கட்டினாலும் முடி வெட்டு சொல்லிவிடும். முக்கூடல் பக்கத்து ஸ்டேஷன் ஏட்டு. ராசையாவின் முகம் அவருக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். எங்கள் வரிசையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நாங்கள் அவரைத் தாண்டிவிட்டோம். கோர்ட்டு ஹால் கதவு பத்து எட்டு தூரம்.

பின்னாலிருந்து அவர், வீட்டில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, சத்தம் இல்லாமல் கூப்பிட்டார்.

"ஏலே."

கோர்ட்டு வராந்தாவில் கருப்புக் கோட்டுக்காரனை ஒருத்தனும் அப்படிக் கூப்பிட மாட்டான். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தாலும் தனக்கு என்று ஒரு வக்கீல் நினைக்க மாட்டார். முன்னால் போன ஜூனியர் திரும்பவில்லை. மூத்த ஜூனியர் திரும்பவில்லை. ராசையா திரும்பினான். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்குத் திரும்பிய கழுத்து. அதைவிட, அவன் கை தொடைப் பக்கம் போயிற்று, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட. அங்கே பேண்ட்தான் இருந்தது.

ஏட்டு எழுந்துவிட்டார். என் கையிலிருந்த கட்டு நழுவுகிறது, பிடிக்கத் தெரியவில்லை.

அப்போது ஐயாவும் திரும்பினார். பைய நடந்து, ராசையாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, ஏட்டு முன்னால் போய் நின்றார்.

"என்னயவா கூப்பிட்டீரு?"

"ஐயா... உங்கள இல்லங்கய்யா."

"நான் திரும்பினேனா இல்லியா?"

"திரும்பினீங்கய்யா."

"அப்ப என்னத்தான் கூப்பிட்டீரு. எங்க அப்பா போன பொறவு இன்னைக்குத்தான் ஒருத்தர் என்ன ஏலேங்காரு."

"சத்தியமா இல்லங்கய்யா. நான் அவன..."

"எவன? இங்கன நிக்கது பூரா வக்கீலு. எந்த வக்கீல நீரு ஏலேன்னீரு? பேரச் சொல்லும் ஐயா."

சாட்சியைக் கேட்கிற அதே "ஐயா". ஏட்டு ராசையாவைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். பெயர் சொல்லி, ஆள் மாறிப்போனால் வேலை போய்விடும். அதற்குள் அந்த ஊர் வக்கீல்மார் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "யாருலே அது, வக்கீலப் பாத்து ஏலேன்னது?" என்று ஒரு பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மூத்த ஜூனியர் ராசையாவின் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். ஹாலுக்குள் போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே போனதோடு முடியவில்லை. கோட்டோடு கூண்டில் ஏற முடியாது. அங்கேயே நின்று கழற்றினார்கள். அவசரத்தில் பட்டை முடிச்சு அவிழவில்லை, அறுத்தே எடுத்தார்கள். மனுவை வாங்கிப் பார்த்த மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா, நடு வயதுக்காரர். நிமிர்ந்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

ராசையா பேசவில்லை.

"உங்களத்தான் கேக்கிறேன். பேரைச் சொல்லுங்க."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், அவரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். அவனை அதுவரை யாரும் "உங்க" என்று சொன்னதில்லை. வெளியே வராந்தாவில் சத்தம் அடங்கிக்கொண்டு வருகிறது. இந்த நேரத்தில் ஏட்டு உள்ளே வந்து, அம்மா, இவன் என் ஸ்டேஷன் ஆள், நான் கூட்டிப் போகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

டவாலி போட்டிருந்த கோர்ட்டுச் சேவகர் வயசாளி. அவர் கூண்டுக்கிட்டே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, ஒன்னத்தாம்லே. பேரச் சொல்லித் தொலை" என்றார்.

உடனே பெயர் வந்தது. அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் மடமடவென்று வந்தது. மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா ஓடுகிற சத்தத்தை நான் கேட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஐயா உள்ளே வந்து, போகிற வழியில் இவன் உயிருக்கு ஆபத்து இருக்கிறது, பாதுகாப்போடு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கினார். போலீஸ் வேன் வந்தது. பாளையங்கோட்டை ஜெயில் வரைக்கும் நாங்கள் அந்த வேனை ஒட்டியே போனோம். "நடுவுல ஒரு சைக்கிள் நொழையக் கூடாது வே" என்றார் ஐயா. இடது கண்ணாடியில் அவர் பார்க்கிறார், வலதில் நான் பார்க்கிறேன். ரெண்டிலும் ஒவ்வொரு பைக்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. வேன் நின்றது. நாங்கள் நின்றோம். பைக்குகள் ரெண்டு பக்கமும் ஏறி வந்தன. சாக்கு இப்போது மடியில் இருந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஐயா இறங்கிப் போய் வேனின் பின்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"நீ வடக்குத் தெரு பால்காரர் மகன்லா? அப்பாவுக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணினாவளே, இப்பத் தெரியுதா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அங்கிட்டு இருக்கது யாரு, தையக்கடை முத்தையா தம்பியா? உங்க அக்காவுக்கு அங்கன்வாடி வேலைக்கு நான்தான்டே கையெழுத்துப் போட்டேன். நல்லா இருக்காளா?"

முகத்தை மறைக்கக் கட்டியிருந்த துண்டை அவன் அவிழ்த்துவிட்டான். "இருக்கா ஐயா" என்றான். ரயில் போகிற வரைக்கும் அந்த ரெண்டு பேரோடும் குடும்ப விசயம் பேசிக்கொண்டே நின்றார். கேட் திறந்தது. பைக்குகள் அங்கேயே நின்றுவிட்டன.

காரில் ஏறியதும் தண்ணீர் கேட்டார். பாட்டிலைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். பாதித் தண்ணீர் சட்டையில் ஊற்றியது. "சாக்குல என்ன இருந்துச்சுன்னு பாத்தீரா வே?" என்றார். பார்த்தேன் என்றேன்.

கேஸ் நடந்தது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றபோது பார்த்தேன் என்று ஒருத்தன் சாட்சி சொன்னான். எந்த மடை ஐயா, எத்தனை நாளாத் தண்ணி வந்தது ஐயா, பயிர் என்ன பருவம் ஐயா என்று மதியச் சாப்பாடு வரை கேட்டார் ஐயா. கொலை நடந்த மாசம் பூராவும் மராமத்துக்கு வாய்க்காலை அடைத்துப் போட்டிருந்தார்கள். ராசையா விடுதலை. கட்சிக்காரர்கள் சொன்னபடியே ஐயாவுக்கு மறுபடி சீட்டு இல்லை. அவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஐயா ஜெயித்தார் என்றார்கள். ஐயா காரில் வந்து உட்கார்ந்து, "இதுவரைக்கும் கோர்ட்டு அவனப் பாத்துக்கிட்டுது வே. இனிமே யாரு பாப்பாங்க?" என்றார்.

செல்லத்தாயின் வீட்டுக்காரனுக்கு மலைமேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் ஆள் இருந்தது. மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் எழுதிப் போடாமல் மேலே வண்டி ஏறாது. இருக்கிறது ஒரே மலைப்பாதை, ஒரே பஸ். யார் வந்தாலும் வருவதற்கு முன்னாலேயே மேலே தெரிந்துவிடும். விடுதலையான அன்றைக்கே நான் கொண்டுபோய் விட்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவன் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தான். அங்கேயே தேயிலை வேலை, அங்கேயே கல்யாணம், ரெண்டு பெண் பிள்ளைகள். இருபது வருசத்துக்கும் மேலாகக் கீழே இறங்கவே இல்லை. செல்லத்தாய் செத்தபோது நான்தான் துட்டிக்குப் போனேன். அவன் வருவான் என்று தெருமுனையில் நாலு பேர் சாயங்காலம் வரை நின்றார்கள். நான் போன் போட்டு, வராதே என்றேன். சரி என்றான். பிறகு, "மொகத்த மூடுததுக்கு முன்னால எனக்காக ஒருக்காப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். பார்த்தேன்.

ஐயா போய்ச் சேர்ந்தார். அடுத்து எஸ்டேட்டை மூடி, மலையில் இருந்த சனத்தையெல்லாம் கீழே இறக்கினார்கள். அவனும் குடும்பத்தோடு இறங்கினான். கீழே வீடு கொடுத்திருக்கிறார்கள். எங்கே என்று இங்கே போட வேண்டாம்.

போன மாசம் கோர்ட்டில் ஐயாவின் படத்தைத் திறந்தார்கள். யார் யார் பேசுகிறார்கள் என்று வக்கீலம்மா வாசித்துக் காட்டியபோது ஒரு பெயரில் நிறுத்தச் சொன்னேன். சூளைக்காரரின் மகன். அப்பா சாகும்போது பள்ளிக்கூடத்தில் படித்த பையன். இப்போது கட்சியில் பெரிய ஆள். ராசையாவுக்குப் போன் போட்டேன்.

"நீ வரக்கூடாது."

"அக்கா துட்டிக்கு வரல. ஐயா துட்டிக்கும் வரல. ஒரு மாலையாவது போடாண்டாமா அண்ணாச்சி?"

"அவன் மேடையில இருக்கான்லே."

"இருக்கட்டும். நான் கீழதான நிப்பேன்."

வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை பூராவும் நரை. சூளைக்காரர் மகன் நன்றாகப் பேசினார். எங்க அப்பாவும் ஐயாவும் அண்ணன் தம்பி மாதிரி என்றார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் முடிந்து மாலை போடுகிற வரிசையில் ராசையா நின்றான். நான் அவனுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன். இந்த வயதில் நான் என்ன தடுக்கப் போகிறேன். இருந்தாலும் நின்றேன். மாலையைப் போட்டுவிட்டு அவன் ரொம்ப நேரம் கும்பிட்டான். அவ்வளவு நேரம் கும்பிட்டதைத்தான் சூளைக்காரர் மகன் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி வந்தார். சிரித்த முகம்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

ராசையா என்னைப் பார்த்தான்.

"மாஞ்சோலைங்க" என்றான்.

"அடடா. எல்லாரும் எறங்கிட்டீங்கள்லா? பாவம். இப்ப எங்கன இருக்கீங்க?"

யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். கல்யாண வீட்டில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள். ராசையா பொய் சொல்வான் என்று நினைத்தேன். அவன் இருக்கிற ஊரைச் சொன்னான், தெருவைச் சொன்னான், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு என்றும் சொன்னான்.

"சரிண்ணாச்சி. அந்தப் பக்கம் வந்தா வாறேன்" என்றார் அவர். கையைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

வெளியே வந்து, "ஏன்லே சொன்ன?" என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "மேல இருந்து பயந்தாச்சு, கீழ வந்தும் பயந்தாச்சு. தெரிஞ்சு கேக்காரா தெரியாமக் கேக்காரான்னு நெனச்சு நெனச்சுச் சாகதுக்கு, வந்தா வரட்டும்னு தோணிச்சு அண்ணாச்சி" என்றான். அவனுக்கு அன்றைக்கோடு பயம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது. அது வந்து உட்கார்ந்தது என்மேல்.

வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு நெஜமாவே தெரியாது அண்ணாச்சி, ஓட்டுக் கேக்குதவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க" என்கிறார். இருக்கலாம். பார்த்த முகத்தின் தெருவும் வீடும் கேட்டு வைத்துக்கொள்வது அவர்கள் தொழில்தான். எனக்குத் தெரியும்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவனைப் போனில் கூப்பிடுகிறேன். எனக்கு நம்பர் அழுத்த வராது, வீட்டுக்காரி அழுத்தித் தருவாள். ரெண்டு மூன்று மணி அடித்து எடுப்பான். சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் என்பான். வேறு ஒன்றும் பேசுவதில்லை. நேற்று ஏழெட்டு மணி அடித்தும் எடுக்கவில்லை. வீட்டுக்காரி மறுபடி அழுத்தினாள். அவனுடைய சின்ன மகள் எடுத்து, "அப்பா வாசல்ல யாரோடயோ பேசிக்கிட்டு இருக்காங்க தாத்தா" என்றாள்.

"யாரும்மா அது?"

"தெரியல. கட்சிக் கொடி போட்ட காருல வந்திருக்காங்க. அப்பா டீ போடச் சொன்னாங்க."

வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி அழுத்தவா என்றாள். வேண்டாம், அவனே கூப்பிடட்டும் என்றேன். விளக்கில் ரெண்டு தடவை எண்ணெய் ஊற்றினாள். பிறகு கூப்பிட்டான்.

"போயிட்டாங்க அண்ணாச்சி" என்றான். அவன் குரல்தான்.